24 லட்சத்தை எங்கே வைப்பது? திருகோணமலையில் ஒரு குடும்பக் கணக்கு

சித்தப்பா சீனக்குடாப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் 31 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றார். ஊழியர் சேமலாப நிதியிலிருந்து வந்த பணத்தில் கூரையைத் திருத்தி, மகளின் படிப்புக்கு வாங்கிய கடனை அடைத்த பிறகு 24 லட்சம் மிஞ்சியது. அரசாங்க உத்தியோகம் இல்லை, அதனால் மாதாமாதம் பென்ஷன் வராது. இனி அவருக்கும் சித்திக்கும் இந்தப் பணம்தான் சம்பளம்.

நான் 12 வருடம் வங்கி வேலை பார்த்தவள் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உவர்மலையில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் முதல் கேள்வி: "இங்கயே மத்திய வங்கியின்ட ஒஃபீஸ் இருக்குதுதானே பிள்ளை. எல்லா வங்கிக்கும் பெரிய வங்கி அதுதானாம். அங்கயே போட்டிட்டா என்ன?"

இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மத்திய வங்கி பொதுமக்களிடம் வைப்பு வாங்காது. திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்துக்குப் போனாலும் சேமிப்புப் புத்தகம் தரமாட்டார்கள். வங்கிகளும் அரசாங்கமும்தான் அங்கே கணக்கு வைத்திருப்பவர்கள். ஆனால் சித்தப்பாவுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. அந்த 31 வருடமும் சேமலாப நிதிக்காக அவருடைய சம்பளத்தில் பிடித்த 8 வீதமும் முதலாளி போட்ட 12 வீதமும் மத்திய வங்கியின் கையில்தான் இருந்தன. சேமலாப நிதியைத் தொழில் திணைக்களம் நிர்வகிக்கிறது, அதன் பணத்தை முதலிட்டுப் பராமரிப்பது மத்திய வங்கி. அதைக் கேட்டதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அவர் முன்னால் ஐந்து வழிகள் இருந்தன: வங்கி நிலையான வைப்பு, பினான்ஸ் கம்பனி, திறைசேரி உண்டியல் (அரசாங்கத்துக்குக் குறுகிய காலத்துக்குக் கொடுக்கும் கடன்), தங்கம், சீட்டு. எது அதிகம் தருகிறது என்பதைத்தான் எல்லாரும் முதலில் பார்க்கிறார்கள். நான் அவரிடம் வேறொன்றை முதலில் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் மத்திய வங்கி எதுவரை நிற்கிறது, எந்த இடத்தில் கையை விடுகிறது? அதைத் தெரிந்துகொண்டால் வட்டி வீதத்துக்கும் அர்த்தம் புரியும்.

அவர் மனம் பினான்ஸ் கம்பனிப் பக்கம் சாய்ந்திருந்தது. கையில் ஒரு கடதாசித் துண்டு. வங்கியில் 8 வீதம் என்றால் வருடத்துக்கு 1,92,000, மாதம் 16,000. கம்பனியில் 10.5 வீதம், வருடத்துக்கு 2,52,000, மாதம் 21,000. மாதாமாதம் வட்டி எடுத்தால் வீதம் இன்னும் கொஞ்சம் குறையும், ஆனாலும் வித்தியாசம் மாதம் 5,000 என்பது உண்மை. ஓய்வு பெற்ற இரண்டு பேருக்கு அது சின்னத் தொகை இல்லை. கேஸும் கரண்ட் பில்லும் மருந்தும் அதில் அடங்கும். அந்த 5,000 ரூபாயை ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லியிருந்தால் அவர் என்னை நம்பியிருக்க மாட்டார்.

அந்தத் துண்டின் பின்பக்கத்தில் நான் இன்னொரு கணக்குப் போட்டேன்.

மத்திய வங்கிக்குச் சட்டம் கொடுத்திருக்கும் முதல் வேலை விலைகளை நிலையாக வைத்திருப்பது. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் வந்த பிறகு, நிதி அமைச்சுடன் செய்த உடன்படிக்கைப்படி இலக்கு வருடத்துக்கு 5 வீதப் பணவீக்கம். மேலும் கீழும் 2 வீதம் போகலாம். அடுத்தடுத்து இரண்டு காலாண்டுக்கு அந்த எல்லையைத் தாண்டினால், ஏன் தாண்டியது என்று பாராளுமன்றத்துக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தாலுமே சாமான் விலை வருடத்துக்கு 5 வீதம் ஏறும் என்றுதான் நாம் கணக்குப் போட வேண்டும்.

24 லட்சத்தில் 5 வீதம் 1,20,000. மாதத்துக்கு 10,000. அதாவது வங்கி தரும் 16,000 ரூபாயில் 10,000 உண்மையில் வட்டியே இல்லை. முதல் பணம் உருகுவதை ஈடு செய்ய வருகிற தொகை அது. முழுவதையும் செலவழித்தால் பத்து வருடம் கழித்தும் புத்தகத்தில் 24 லட்சம் என்றுதான் இருக்கும், ஆனால் மரக்கறிச் சந்தையில் அது இன்றைய 15 லட்சத்துக்குக் கிட்டத்தான் வாங்கும். மனச்சாட்சியோடு செலவழிக்கக்கூடியது மாதம் 6,000. சித்தப்பா இந்தக் கணக்கைத் தன் கையால் இரண்டு தரம் போட்டுப் பார்த்தார்.

அப்படியென்றால் 21,000 தரும் இடம்தானே நல்லது என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மேலதிக 2.5 வீதம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பினான்ஸ் கம்பனி அந்தப் பணத்தை முச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சிறு வியாபாரத்துக்கும் அதிக வட்டியில் கடனாகக் கொடுக்கிறது. அந்தக் கடன்கள் திரும்பி வராமல் போகும் வாய்ப்பும் அதிகம். அந்த ஆபத்தில் ஒரு பங்கை வைப்பாளர் ஏற்றுக்கொள்வதற்கான கூலிதான் 2.5 வீதம். யாரும் நமக்குச் சும்மா தரவில்லை.

இங்கே மத்திய வங்கி இரண்டு விதமாக வருகிறது. ஒன்று உரிமம். வைப்பு வாங்க மத்திய வங்கியின் உரிமம் வேண்டும், உரிமம் உள்ளவர்களின் பட்டியலை அது வெளியிடுகிறது. 2008 கடைசியில் சரிந்த கோல்டன் கீ கடனட்டைக் கம்பனிக்கு வைப்பு வாங்க உரிமமே இருக்கவில்லை. பெரிய பெயரையும் பளபளப்பான அலுவலகத்தையும் பார்த்து ஆயிரக்கணக்கானவர்கள் பணம் போட்டார்கள். இரண்டாவது வைப்புக் காப்புறுதி. உரிமம் பெற்ற வங்கியோ பினான்ஸ் கம்பனியோ உரிமம் இழந்து மூடப்பட்டால், ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 லட்சம் வரை இந்தத் திட்டத்திலிருந்து கிடைக்கும். நிறுவனங்கள் கட்டும் தவணைப் பணத்தில் நடக்கும் திட்டம் அது, நடத்துவது மத்திய வங்கி.

உரிமம் இருப்பதால் விழாது என்று நினைக்கக் கூடாது. 2002இல் பிரமுக வங்கி மூடப்பட்டது. 2020 மே மாதம் த பினான்ஸ் கம்பனியின் உரிமம் ரத்தானது, அதுவும் பல பத்தாண்டுப் பழமையான நிறுவனம். அப்போது காப்புறுதி எல்லை 6 லட்சம், அதற்கு மேல் போட்டிருந்தவர்கள் மிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. எல்லையை 11 லட்சமாக உயர்த்தியது 2021இல். எங்கள் சொந்தத்திலேயே அலஸ்தோட்டத்தில் ஒரு மாமி, வேறொரு கம்பனி சரிந்தபோது காப்புறுதித் தொகை வரும்வரை மாதக்கணக்கில் கடிதமும் கையுமாக அலைந்தார். பணம் வந்தது. ஆனால் அந்த இடைவெளியில் இரண்டு வளையலும் ஒரு சங்கிலியும் அடகுக்குப் போயின. காப்புறுதி முதலைத் திருப்பித் தரும், வட்டியை நம்பிச் சோறு வைப்பவருக்கு இடையில் வரும் மாதங்களை யாரும் காப்பதில்லை.

அதனால் பினான்ஸ் கம்பனி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 24 லட்சத்தையும் ஒரே கம்பனியில் போட்டால் 13 லட்சம் காப்புறுதி இல்லாமல் நிற்கும், அதைத்தான் வேண்டாம் என்றேன்.

வங்கி வைப்புக்கும் இதே 11 லட்ச எல்லைதான். விதிவிலக்கு தேசிய சேமிப்பு வங்கி. அதன் சட்டப்படியே வைப்புக்கு அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் உண்டு. இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் அரசுடையவை, அரசு அவற்றைக் கைவிடாது என்பது எல்லாருடைய நம்பிக்கை, என்னுடையதும்தான். ஆனாலும் சட்டத்தில் எழுதியிருப்பது வேறு, நம்பிக்கை வேறு. தனியார் வங்கிகளில் வீதம் கால் அரை கூடக் கிடைக்கலாம்.

இதிலே ஒரு குழப்பம் இருக்கிறது, திருகோணமலை மாவட்டத்தில் அதிகமாகவே பார்க்கிறேன். தம்பலகாமத்திலும் மூதூரிலும் கூட்டுறவுக் கிராமிய வங்கியிலும் சமுர்த்தி வங்கியிலும் சேமிப்பவர்கள் நிறைய. பெயரில் 'வங்கி' இருப்பதால் இவையும் மத்திய வங்கியின் கீழ் வருகின்றன என்று நினைக்கிறார்கள். கூட்டுறவுக் கிராமிய வங்கிகளைப் பார்ப்பது கூட்டுறவுத் திணைக்களம், சமுர்த்தி வங்கியைப் பார்ப்பது சமுர்த்தித் திணைக்களம். மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி அங்கே இல்லை. நல்ல முறையில் நடக்கும் சங்கங்கள் எத்தனையோ உண்டு, ஊர்ப் பெண்கள் பலருக்குக் கைமாற்றுக்கு வேறு இடமில்லாதபோது அவைதான் கை கொடுத்தன. சிறுகச் சிறுகச் சேர்க்கவும் சின்னக் கடனுக்கும் போகலாம், வாழ்நாள் பணத்தை மொத்தமாக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

சரி, திறைசேரி உண்டியல். இதைப் பற்றி எங்கள் ஊரில் மிகக் குறைவாகவே பேசுகிறோம், அதனால் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். அரசாங்கம் 91, 182, 364 நாள் தவணைக்கு வாங்கும் கடன் இது. கிழமைக்கு ஒரு தரம், வழக்கமாகப் புதன்கிழமை, ஏலம் நடக்கும். நாம் நேரே ஏலத்துக்குப் போக முடியாது, முதனிலை வணிகர் எனப்படும் நிறுவனங்கள் ஊடாகத்தான் வாங்க வேண்டும். பெரிய வங்கிகள் சிலவும் அந்த வேலையைச் செய்கின்றன. வட்டி தனியாக வராது. ஒரு வருடத்தில் 1 லட்சம் தரும் உண்டியலை 8 வீதக் கணக்கில் இன்று ஏறக்குறைய 92,600 கொடுத்து வாங்குகிறோம், அவ்வளவுதான்.

இதற்கு வைப்புக் காப்புறுதி கிடையாது. தேவையும் இல்லை, கடன் வாங்கியவர் ரூபாயை வெளியிடும் நாட்டின் அரசாங்கமே. மத்திய வங்கியின் லங்காசெக்கியூர் என்ற பதிவேட்டில் நம் பெயரில் பதிவாக வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு, அதற்கான அறிக்கையைக் கையில் வாங்காமல் வரக் கூடாது.

"அரசாங்கமே 2022இல கடன் கட்ட ஏலாதெண்டு சொன்னதுதானே?" என்று சித்தப்பா மறித்தார். சரியாகத்தான் கேட்டார். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பது நிறுத்தி வைக்கப்பட்டது. 2023 ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்டபோது ஐந்து நாள் வங்கி திறக்கவில்லை. என் கைபேசி ஓயவேயில்லை, மத்திய வீதிக் கடைக்காரர்கள் முதல் நிலாவெளி ஹோட்டல் பொடியன்கள் வரை ஒரே கேள்விதான். திறந்தபோது வங்கி வைப்பு தொடப்படவில்லை, பொதுமக்கள் கையிலிருந்த திறைசேரி உண்டியலும் தொடப்படவில்லை. மாற்றப்பட்டவற்றில் முக்கியமானவை ஓய்வூதிய நிதிகளிடம் இருந்த திறைசேரி முறிகள், அதாவது அரசாங்கம் பல வருடத் தவணைக்கு வாங்கும் கடன். சேமலாப நிதியின் பழைய முறிகளுக்குப் பதிலாக நீண்டகால முறிகள் கொடுக்கப்பட்டன. சித்தப்பாவின் பணம் அப்போது அங்கேதான் இருந்தது. ஒரு தொழிலாளிக்கு எந்தத் தெரிவும் இல்லாத நிதிதான் அந்தச் சுமையில் பங்கு கொடுத்தது என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

2022ஐப் பேசாமல் எந்த வழியையும் ஒப்பிட முடியாது. கொரோனாவுக்கு முன் மத்திய வங்கி கையில் வைத்திருந்த அரச கடன் பத்திரங்கள் 100 பில்லியன் ரூபாய்க்குள். 2022இல் அது 2,000 பில்லியனைத் தாண்டியது. அரசாங்கத்துக்கு வரி வரவில்லை, கடன் கொடுப்பாரும் இல்லை, மத்திய வங்கி உண்டியல்களை வாங்கிப் புதுப் பணம் கொடுத்தது. பணம் அச்சடிப்பது என்று ஊரில் சொல்வது இதைத்தான். 2022 மார்ச் தொடக்கம் வரை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைத்திருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது, பிறகு 360க்குப் போனது. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 வீதம். 2021 செப்டெம்பரில் 24 லட்சம் வைத்திருந்தவர் ஒரு வருடத்தில், ஒரு சதத்தையும் தொடாமலேயே, 14 லட்சத்துக்கு வாங்கக்கூடியதைத்தான் வைத்திருந்தார். எந்தக் கம்பனியும் விழவில்லை, எந்தக் கள்வனும் வரவில்லை. காப்புறுதி இதற்கு ஒரு ரூபாயும் தராது.

அதனால்தான் புதிய சட்டத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அரசாங்கத்துக்கு மத்திய வங்கி நேரே கடன் கொடுப்பதைத் தடுக்கும் பகுதி. 1950 ஓகஸ்டில் மத்திய வங்கி தொடங்கும் முன் இங்கே இருந்தது நாணயத்தாள் வெளியிடும் சபை ஒன்று மட்டும். இந்திய ரூபாயோடு கட்டப்பட்டிருந்ததால் அதனால் நினைத்தபடி அச்சடிக்க முடியாது, ஆனால் வங்கி ஒன்று தடுமாறினால் கை கொடுக்கவும் வட்டியைக் கூட்டிக் குறைக்கவும் அதிகாரம் இல்லை. முதல் ஆளுநர் ஜோன் எக்ஸ்டர் காலத்திலிருந்து நமக்கு அந்த அதிகாரம் உள்ள வங்கி இருக்கிறது. அதிகாரம் கொடுத்தால் கடிவாளமும் வேண்டும், அதைச் சட்டத்தில் எழுத நமக்கு 73 வருடம் எடுத்தது.

வட்டியின் பக்கம் வந்தால், 2022 ஏப்ரல் 8ஆம் திகதி ஒரே நாளில் மத்திய வங்கி, வங்கிகள் தன்னிடம் வைக்கும் பணத்துக்குக் கொடுக்கும் வீதத்தையும் அவற்றுக்குக் கொடுக்கும் கடனுக்கு எடுக்கும் வீதத்தையும் 7 வீதப் புள்ளி ஏற்றி 13.5, 14.5 ஆக்கியது. வைப்பாளருக்கு அது நல்ல செய்தி, பின்னர் 20 வீதத்துக்கு மேல் வாங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். திருக்கடலூரில் படகு எஞ்சினுக்குக் கடன் எடுத்தவர்களுக்கு அதே முடிவு இடி. அப்புறம் விலையேற்றம் அடங்க அடங்க வீதம் இறங்கியது. 2024 நவம்பரில் ஓரிரவுக் கொள்கை வீதம் என்று ஒற்றை வீதமாக்கி 8 என்று வைத்தார்கள், 2025 மேயில் 7.75 ஆக்கினார்கள். வங்கியும் உண்டியலும் தருவது இதை ஒட்டித்தான் ஏறி இறங்கும். ஆகவே இன்றைய வீதத்தில் எல்லாப் பணத்தையும் ஒரே தவணையில் பூட்ட வேண்டாம் என்றேன்.

வரியில் வங்கி வைப்புக்கும் உண்டியலுக்கும் வித்தியாசமில்லை. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 லட்சத்துக்குள் என்றால் வரி இலக்கத்தோடு உறுதியுரைப் படிவம் கொடுத்துத் தவிர்க்கலாம்.

சித்திக்கு எதுவும் வேண்டாம், தங்கம் போதும். "ரூபாய் விழுந்தாலும் பவுண் விழாது" என்றார். 2022இல் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரியாக இருந்தது. டொலரில் தங்கம் ஏறினாலும் இங்கே ஏறும், ரூபாய் இறங்கினாலும் இங்கே ஏறும். மத்திய வங்கி தன் வேலையில் தவறினால் அதிலிருந்து குடும்பத்தைக் காப்பது தங்கம்தான். ஆனால் தங்கம் மாதம் ஒரு சதமும் தராது. நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் போக விற்கும்போது கை குறையும். வீட்டில் வைத்தால் இன்னொரு பயம். 2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் அலுமாரியோடு நகையையும் காசையும் கொண்டுபோனதை நாங்கள் கண்ணால் கண்டோம். நனைந்து கிழிந்த நோட்டையாவது மாற்றலாம், கடல் கொண்டுபோனதற்கு எவரும் பதில் சொல்ல முடியாது. சித்தியிடம் ஏற்கெனவே இருக்கும் நகைகள் போதும், வங்கிப் பெட்டகத்தில் வைத்தால் ஆபத்துக்கு அடகு வைக்கலாம், புதிதாக வாங்க வேண்டாம் என்றேன். அவருக்கு முழுச் சம்மதமில்லை.

சீட்டு ஒரே வரியில் முடிந்தது. பிடிப்பவரின் முகத்தைத் தவிர பின்னால் ஒன்றுமே இல்லை, மாதம் 5,000 சீட்டு வேறு, 24 லட்சம் வேறு.

கடைசியில் இப்படிப் பிரித்தோம். 10 லட்சம் தேசிய சேமிப்பு வங்கியில், மாத வட்டிக்கு. 6 லட்சம் திறைசேரி உண்டியலில், 91, 182, 364 நாளுக்கு 2 லட்சம் வீதம். ஒவ்வொன்றும் முதிரும்போது அன்றைய வீதத்தைப் பார்த்துத் திரும்பப் போடலாம், இடையில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் ஏதாவது ஒன்று கைக்கு வரும். 6 லட்சம் இன்னொரு வங்கியில் நிலையான வைப்பு. மிச்சம் 2 லட்சத்தைச் சித்தப்பா பினான்ஸ் கம்பனியில் போட்டே தீருவேன் என்றார். பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தோம், இருந்தது. 2 லட்சம் காப்புறுதிக்குள் அடங்குகிறது. நான் தடுக்கவில்லை.

ஒரு விஷயம் பாக்கி. எல்லாமே சித்தப்பாவின் பெயரில்தான் எழுதப்பட்டிருந்தன. காப்புறுதி எல்லை ஒவ்வொரு வைப்பாளருக்கும் தனித்தனி என்பதால் சித்தியின் பெயரில் போடுவது அவருக்குத் தனி 11 லட்ச எல்லை. அதைவிட முக்கியம், சித்தப்பாவுக்கு ஏதும் நேர்ந்தால் சித்தி கடதாசி தூக்கிக்கொண்டு அலையக் கூடாது. அந்த இரண்டாவது வங்கியின் 6 லட்சத்தைச் சித்தியின் பெயருக்கு மாற்றி எழுதினோம், மற்றவற்றில் பின்னுரித்தாளராகவும், அதாவது சித்தப்பாவுக்குப் பிறகு பணத்தைப் பெறுபவராகவும், அவரையே போட்டோம். திங்கட்கிழமை காலை சித்தி தன் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பெயரில் ஒரு வைப்புக்குக் கையெழுத்து வைக்க வந்தார்.